அந்தக் குட்டி அநாதை இல்லை

போன வாரம் மறுபடியும் ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டி. உள்ளே பள்ளிக்கூட ஸ்வெட்டரில் சுற்றிய இரண்டு குட்டிகள், கண்கூடத் திறக்கவில்லை. "சிறுத்தைக்குட்டி டாக்டர். கரும்பு வெட்டப் போனப்போ கிடந்துச்சு, தாய் விட்டுட்டு ஓடிடுச்சு" என்றார் கொண்டுவந்த மாமா. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்க்கிறேன். இந்த வசனத்தை எத்தனை தடவைதான் கேட்பது!

சிறுத்தை இல்லை, செர்வல் என்ற ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. ஜூலு மொழியில் இண்ட்லோசி. வளர்ந்த ஆண் 18 கிலோ வரை வரும். நீளக் கால், குட்டை வால், முகத்துக்குப் பொருந்தாத பெரிய காது. புல்லுக்குள் எலி நகரும் சத்தத்தை அந்தக் காதால் கேட்டு, எகிறிக் குதித்து முன்னங்காலால் அடிக்கும். உங்கள் கோழியைவிட உங்கள் கரும்பைத் தின்னும் எலிதான் அதற்கு முக்கியம். அதனால் எலி விஷம் வைக்காதீர்கள். செத்த எலியைத் தின்று அதுவும் சாகும்.

சரி, 'தாய் விட்டுவிட்டது' என்ற கதைக்கு வருவோம். குட்டிகளின் வயிற்றைத் தொட்டேன், பால் நிறைந்து உருண்டையாக இருந்தது. கைவிட்ட தாய் வயிறு நிறையப் பால் கொடுத்துவிட்டா போகும்? ஆண் செர்வல் குட்டி வளர்க்க உதவுவதில்லை. தாய் வேட்டைக்குப் போனால்தான் பால் ஊறும். அதுவரை குட்டி புல்லுக்குள் தனியாகத்தான் கிடக்கும். கரும்பு வெட்டும் கூட்டத்தின் சத்தம் கேட்டால் பக்கத்திலேயே பதுங்கியிருந்து, ஆள் போனதும் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாற்றும். தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விக் காக்கும் 'மார்ஜார நியாயம்' என்று கோயிலில் கேட்டிருப்பீர்களே, அதேதான். மனிதக் கை பட்டால் சேர்க்காது என்பதும் கட்டுக்கதை. வீட்டுப் பூனைக்குட்டியை நாள் முழுக்கத் தூக்கி விளையாடுகிறோம், தாய் துரத்தியா விடுகிறது?

வீட்டில் வைத்துப் பசும்பால் ஊற்றாதீர்கள், வயிற்றுப்போக்கில் போய்விடும். தப்பிப் பிழைத்தாலும், எலும்பில்லாத இறைச்சி மட்டும் கொடுத்துக் கால் வளைந்துபோன செர்வலை எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறேன். எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. அனுமதி இல்லாமல் வளர்ப்பது குற்றமும்கூட. குட்டி காயப்பட்டிருந்தால், தாய் செத்துக் கிடந்தால், எஸெம்வேலோ வனவிலங்குத் துறைக்கு போன் போடுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விடுங்கள். நம் மாகாணத்தில் ரேபிஸ் இருக்கிறது.

அன்று சாயங்காலம் மாமாவோடு அதே வரப்புக்குப் போனேன். பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, தூரத்தில் வண்டிக்குள் விளக்கை அணைத்து உட்கார்ந்தோம். ஏழரை மணி இருக்கும். நிலா வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது காதுதான். ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு மறைந்தது. மாமா மூச்சுவிடவில்லை. இருபது நிமிடம் கழித்து இன்னொன்றுக்காகத் திரும்பி வந்தது.

"ஸ்வெட்டரை எடுத்துக்கலாமா டாக்டர்?" என்றார் மாமா. காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.