பத்து வரியிலும் ஒரே நேரம்

"விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட்டில் (கட்டளைகளைத் தட்டி ஓட்டும் கறுப்புத் திரை) நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தைக் காட்டச் சொன்னேன். பத்து முறையும் ஒரே நேரம்தான் வருகிறது. கடிகாரம் கெட்டுவிட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கடிகாரத்தின் மேல் பழியில்லை.

விண்டோஸில் ஒரு கட்டளையைத் திரும்பத் திரும்ப ஓட்டத் தனியாக நிரல் எழுத வேண்டாம். ஃபார் /எல் %ஐ இன் (1,1,10) டூ என்று ஆங்கிலத்தில் தட்டி, பின்னால் உங்கள் கட்டளையைப் போட்டால் போதும். அடைப்புக்குள் முதல் எண் தொடக்கம், அடுத்தது சுற்றுக்குச் சுற்று கூட்டுவது, கடைசி எல்லை. (1,0,2) கொடுத்துப் பாருங்கள். ஒன்றோடு சுழியைக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டு எப்போது வரும்? கன்ட்ரோல்-சி அழுத்தும் வரை ஓடும்.

சரி, நேரம் ஏன் உறைந்தது? என்டரைத் தட்டியதும் லூப், அதாவது இந்தத் திரும்பத் திரும்ப ஓடும் சுற்று, தொடங்கிவிடாது. கமாண்ட் பிராம்ப்ட் முதலில் வரி முழுவதையும் ஒருமுறை படிக்கும். இரண்டு % குறிகளுக்கு நடுவே தனக்குத் தெரிந்த பெயர் இருந்தால், அதை எடுத்துவிட்டு மதிப்பை எழுதிவிடும். கட்டளையில் நேரத்தைக் கேட்கும் %டைம்% இருந்த இடத்தில் 10:42:07 வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபார் வேலைக்கு வருவதே அதற்கு அப்புறம்தான். அதன் கைக்கு வரி வரும்போது டைம் என்ற சொல்லே அங்கே கிடையாது. கிடைத்த எண்ணைப் பத்து முறை ஒப்பிக்கிறது, பாவம். கட்டளைக்கு முன்னால் @ போடாமல் ஓட்டினால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: ஒவ்வொரு சுற்றிலும் திரையில் வரும் கட்டளையில் எண்தான் இருக்கும்.

அப்படியானால் சுற்றின் எண்ணைத் தாங்கும் %ஐ எப்படித் தப்பியது? அங்கே தனக்குத் தெரிந்த பெயர் எதுவும் இல்லாததால், அந்த % குறியைத் தொடாமல் விட்டுவிடுகிறது. இதே வரியை பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை எழுதிச் சேமித்து ஓட்டும் கோப்பு) எழுதினால் அந்தச் சலுகை இல்லை. அங்கே ஒற்றை % அழிக்கப்படும், %% தான் ஒரு % ஆக மிஞ்சும். இணையத்தில் பார்த்த வரியை அப்படியே ஒட்டிப் பிழை வாங்குபவர்களில் பாதிப்பேர் இங்கேதான் வழுக்குகிறார்கள் என்பது என் சந்தேகம்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இந்த உறைந்த நேரத்துக்காக, கணினிக் கடிகாரத்துக்கு மின்சாரம் தரும் மதர்போர்டு பேட்டரியை மாற்றினோம். ஒருவர் எலுமிச்சம்பழமும் வைத்தார், பொறியியல் பட்டதாரி!

பழம் வேண்டாம். சிஎம்டி /வி:ஆன் என்று தட்டிப் புதிதாக நுழைந்து, %டைம்% என்பதை !டைம்! என்று மாற்றுங்கள். ஆச்சரியக்குறிக்குள் இருப்பதை முதல் வாசிப்பில் தொடாமல், ஒவ்வொரு சுற்றிலும் அந்தந்த நேரத்தில் பிரித்துப் பார்க்கும். 10:42-க்கு அடுத்து 10:43 வரும்.