சக மாணவரின் கட்டுரையை எப்படி வாசிப்பது?

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். கவிதை நயம் பற்றிய கட்டுரைகளைப் பிள்ளைகள் தங்களுக்குள் மாற்றி வாசித்துக் கருத்து எழுதுவது எங்கள் வகுப்பில் வழக்கம். கொப்பி திரும்பி வரும்போது பெரும்பாலும் கடைசியில் ‘நல்லாயிருக்கு’ என்று ஒரு சொல் இருக்கும், இல்லாவிட்டால் ரகர றகரப் பிழைகளுக்குச் சிவப்பு வட்டம் இருக்கும். இரண்டாலும் எழுதின பிள்ளைக்குப் பெரிய பயன் இல்லை. எழுத்துப் பிழையை நானே பார்த்துக்கொள்வேன். ‘இந்த இடம் எனக்கு விளங்கவில்லை’ என்று கூச்சப்படாமல் சொல்ல, கூடப் படிக்கிற ஒருவர்தான் வேண்டும்.

குறுந்தொகையின் 40ஆம் பாட்டை எடுப்போம். ‘செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே’ என்று முடிகிற பாட்டு. ஒரு மாணவி, ‘உவமை மிகச் சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது, காதலின் இன்பம் புலப்படுகிறது’ என்று எழுதியிருந்தார். எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற ரியூசன் வசனம் அது. வாசித்த பிள்ளை ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: ‘தலைவன் ஏன் இதைச் சொல்லுறான் எண்டு நீர் எழுதேல்லையே? தலைவி என்ன நினைச்சுக்கொண்டு இருந்தவ?’

அந்தக் கேள்வியால் கட்டுரையே மாறிவிட்டது. தலைவன் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் குறிப்பு வேறுபட்டதைக் கண்டு தலைவன் கூறியது என்றுதான் பாட்டின் கூற்றுக் குறிப்பு சொல்கிறது. அப்படியானால் அந்த உவமை அவளுடைய அச்சத்துக்கு அவன் சொல்லும் பதில். செம்பாட்டு மண்ணில் மழை விழுந்தால் தண்ணீர் என்ன நிறமாகும் என்று கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்த நீரை மண்ணிலிருந்து பிரிக்க முடியாது என்பதை வைத்து அந்த மாணவி ஒரு முழுப் பந்தி எழுதினார். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்ற முதலடியையும் தானாகவே சேர்த்துக்கொண்டார். உறவே இல்லாத இருவர் என்று தொடங்குகிற பாட்டு, பிரிக்க முடியாத இருவர் என்று முடிகிறது என்பது அவருடைய வாதம்.

முதல் முறை பேனையைத் தொடாமல் வாசியுங்கள். பிறகு, உங்களுக்குப் பிடித்த இடத்தைப் பந்தியோடு குறித்துச் சொல்லுங்கள். கருத்துக்குச் சான்றான அடி இல்லாத இடத்தில், ‘இது எந்த அடியில இருக்கு?’ என்று கேளுங்கள். அவருடைய வசனத்தை நீங்கள் திருப்பி எழுத வேண்டாம், அது அவருடைய கட்டுரை. புள்ளியும் போடாதீர்கள். புள்ளியைக் கண்டால் வேறொன்றும் கண்ணில் படாது.

‘பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளிக்குப் போட்டி நடக்கிற நேரத்தில மற்றப் பிள்ளையின்ர கட்டுரையைப் பார்த்து எங்கட பிள்ளைக்கு என்ன லாபம்?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். அவர்களுடைய கவலை எனக்கு விளங்குகிறது. ஆனால் பென்சிலால் கேள்வி எழுதிய அந்தப் பிள்ளையின் அடுத்த கட்டுரை, யார் யாருக்குச் சொல்வது என்பதிலிருந்துதான் தொடங்கியது. அதுவரை அவரும் உவமைச் சிறப்பைத்தான் முதலில் எழுதிக்கொண்டிருந்தார்.