ஊசியைப் பிடித்துக்கொள்வது யார்?

திருகோணமலை உப்புவெளி வாசகி ஒருவர் நாரி நோவுக்கான அக்குபங்சரையும், சித்தமருத்துவத்தில் கையால் உடலைப் பிடித்துவிடும் தொக்கணத்தையும் ஓராண்டாகக் கற்றுவருகிறார். ஏற்றிய ஊசியை இலேசாகச் சுழற்றும்போது உள்ளிருந்து யாரோ அதனைப் பிடித்துக்கொள்வதுபோல் விரலில் தெரிகிறது என்றும், ஆசிரியர் அதனை ‘சீ’ என்னும் உயிர்ச்சக்தி வந்து சேர்ந்ததன் அடையாளம் என்கிறார் என்றும், உண்மையில் பிடிப்பது எதுவென்றும் அவர் கேட்டிருக்கிறார். பழைய சீன வைத்தியர்கள் இந்த உணர்வைத் தூண்டிலில் மீன் கொத்துவதற்கு ஒப்பிட்டார்கள். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்காது.

நாரி என்பது கீழ்முதுகு: பாடநூல் கூறும் ஐந்து நாரி முள்ளந்தண்டென்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும் உறைகளுமே. 2020ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இந்த நோ இருந்ததாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோருக்கு இன்ன என்பு, என்புகளுக்கு இடையிலுள்ள இன்ன தட்டு என்று காரணத்தைச் சுட்டிக்காட்ட இயலாது. கற்பவர் முதலில் பழகுவது இடம் காண்பதை. இரு இடுப்பென்புகளின் உச்சிகளையும் விரலால் தொட்டு மனத்தில் ஒரு கோடு இழுத்தால், அது நான்காம் நாரி என்பின் உயரத்தில் செல்லும். அங்கிருந்து இரண்டு முள் (என்பு பின்னோக்கி நீட்டியிருக்கும் முனை) மேலே எண்ணி, இரண்டாம் என்பின் முள்ளுக்குக் கீழ்விளிம்பிலிருந்து பக்கவாட்டில் ஒன்றரைப் பெருவிரல் அகலம் அளந்தால், நாரி நோவுக்கு மிகுதியாகப் பயன்படும் புள்ளி கிடைக்கும். அளவுகோல் நோயாளியின் பெருவிரல், கற்பவரின் பெருவிரலன்று.

இனி, பிடிக்கு வருவோம். அக்குபங்சர் ஊசியின் விட்டம் ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர். அது தோலைக் கடந்து, தசையை எட்டுமுன், கொலாஜன் என்னும் புரத நார்கள் தளர்வாகப் பின்னிக் கிடக்கும் தொடுப்பிழையத்தினூடாகச் செல்கிறது. ஈரமான நார்கள் உலோகத்தில் சற்றே ஒட்டுகின்றன. ஊசி திரும்பும்போது அவையும் கூடவே திரும்பி, திரி திரிப்பதுபோல் ஊசியைச் சுற்றிக்கொள்கின்றன. ஊசி மிக மெல்லியதாக இருப்பதே இதற்குக் காரணம். ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசியைச் சுழற்றினால், இழையம் ஒரு சுற்று முடியுமுன்னரே நழுவிப் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். முதல் சுற்று விழுந்துவிட்டால் அடுத்த சுற்றுகளின் பிடி வேகமாக இறுகும். துறையில் தோணி கட்டுபவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை: தூணில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நுனியை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் பீடி பற்றவைப்பார். கயிற்றின் உராய்வுக் குணகம் 0.3 எனக் கொண்டால், ஒரு சுற்றில் அவர் கையின் பலம் ஏறத்தாழ ஆறரை மடங்காகும். இரண்டாவது சுற்றில் நாற்பது மடங்கைத் தாண்டிவிடும்.

அமெரிக்காவின் வெர்மோன்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலீன் லான்ஜவன் குழுவினர் இந்தப் பிடியை 60 பேரில் அளந்து, 2001இல் வெளியிட்டார்கள். ஒரே திசையில் சுழற்றிய ஊசியை வெளியே இழுக்கத் தேவைப்பட்ட விசை, சுழற்றாத ஊசிக்குத் தேவைப்பட்டதைவிட 167 சதவீதம் கூடுதலாக இருந்தது. மரபுப் புள்ளிகளில் பிடி, புள்ளியல்லாத இடங்களைவிட 18 சதவீதம் மட்டுமே கூடுதல். ஆக, மீன் எங்கும் கொத்துகிறது, சில இடங்களில் சற்றுப் பலமாகக் கொத்துகிறது. எலிகளின் இழையத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, முறுக்கு இழுத்த இழுப்பில், நார்களை உருவாக்கும் கலங்கள் அரைமணி நேரத்துக்குள் விரிந்து தட்டையாகியிருந்தன. ஊசியே இல்லாமல் இழையத்தை இழுத்து வைத்தாலும் அவை அவ்வாறே விரிந்தன. சித்தமருத்துவம் கூறும் ஒன்பது தொக்கண முறைகளில் முறுக்கலும் இழுத்தலும் இருப்பது அப்போது என் நினைவுக்கு வந்தது. நாட்பட்ட நாரி நோவுள்ளவர்களின் முதுகில், உறைப்படலங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் அளவு ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருப்பதையும் இதே குழுவினர் அல்ட்ராசவுண்ட் மூலம் பின்னர் கண்டார்கள்.

இவ்வளவு அழகான பொறிமுறைதான் நோவைத் தீர்க்கிறது என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால், ஜேர்மனியில் 1,162 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வு அதற்கு இடம்தரவில்லை. ஆறு மாதங்களின் பின், முறையான அக்குபங்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதத்தினர் தேறியிருந்தனர். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தி, சுழற்றாமல் விடப்பட்டவர்களில் 44.2 சதவீதத்தினரும், வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதத்தினரும் தேறியிருந்தனர். முதலிரு எண்களுக்குமிடையே பெரிய வேறுபாடில்லை. ஒருவர் அருகிலிருந்து, தொட்டு, பொறுமையாகப் பார்த்துக்கொண்டதற்கும் நோயாளியின் எதிர்பார்ப்புக்கும் இந்தப் பயனில் பெரும் பங்கு உண்டென்றே நான் வாசிக்கிறேன். உயிர்ச்சக்தி ஓடும் நாளங்களின் வரைபடத்தை மனனம் செய்யச் செலவிடும் மாதங்களை, விரல்நுனியைப் பழக்குவதற்குச் செலவிடலாம்.

திருகோணமலைக் கோணேசபுரியில் சித்தமருத்துவம் ஒரு பல்கலைக்கழகப் பாடமாக இருக்கிறது. தொக்கணத்துக்கு முன்னும் பின்னும் கரைவலை இழுப்பவர்களின் முதுகை அல்ட்ராசவுண்டில் பார்த்து அளக்கும் ஓர் ஆய்வுக்கு ஆகும் செலவு, ஒரு புதிய மருந்தைச் சோதிக்கும் செலவில் தூசு. காப்புரிமை எடுக்க முடியாத கைவேலைக்கு எந்த நிறுவனமும் பணம் போடாது. ஆகவே அரசுதான் போட வேண்டும்.

வாசகிக்குச் செயல்முறையில் இரண்டு. நாரி நோவுடன் சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதி உணர்விழந்து விறைத்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ஊசியைத் தொடாமல் உடனே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். மற்றது, இறுகிவிட்ட ஊசியைப் பற்றியது. அதனை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. நார்களும் சேர்ந்து இழுபடும். எந்தத் திசையில் சுழற்றினீர்களோ அதற்கு எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, சுற்றிலும் விரலால் தட்டிக்கொடுத்து, சில நிமிடம் காத்திருங்கள். தூணிலிருந்து கயிறு கழல்வதுபோல் பிடி தளர்வதை உங்கள் விரலே சொல்லும்.