பெயிண்ட் வாங்கும் முன் சுவரைத் தட்டிப் பாருங்கள்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் பழைய வீட்டு முகப்புகளைச் சீரமைப்பது என் வேலை. கூப்பிடுபவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, “என்ன கலர் அடிக்கலாம்?” நான் முதலில் பார்ப்பது திண்ணைக்கு மேலுள்ள மூன்றடிச் சுவரை.

ஒரு வீட்டில் அந்தச் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. “மூணு வருஷத்துக்கு முன்னாடிதான் தம்பி, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடிச்சோம். அப்போ ஓதம் முட்டி உயரம்தான். இப்போ ஜன்னல் வரைக்கும் ஏறிடுச்சு” என்றார் வீட்டுக்கார அம்மா. அவர் மேல் தவறில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்யச் சொல்கிறார்கள்.

அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்துக் கட்டியவை. நிலத்து ஈரம் அவற்றில் ஏறத்தான் செய்யும்; ஏறியது சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே காய்ந்துபோகும். சிமெண்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட ஈரம் மேலே ஏறுகிறது. அதில் கரைந்த உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்குகிறது. பெயிண்ட் உரிவதுதான் நம் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் சுவர் தேய்ந்திருக்கும்.

அந்த வீட்டில் சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரை மாதக்கணக்கில் திறந்தே விட்டோம். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டியெடுத்தோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும். பிறகு நன்றாக ஊறிய சுண்ணாம்பில் மணல் சேர்த்து, மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகிய பின் அடுத்தது என்று பூசினோம். அந்தக் கலவையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கிறார்கள். ஒருவர் கிடைத்தால் அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

கலருக்கும் விடை சுவரிலேயே இருந்தது. தாழ்வாரத்துக்கு அடியில் வெயில் படாத இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுரண்டினோம். மஞ்சளுக்குக் கீழே காவி, அதற்கும் கீழே நீலம் போட்ட வெள்ளை. இப்போது எல்லாரும் கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சளையே கேட்கிறார்கள். ஒரு தெரு முழுக்க அதே மஞ்சள் அடித்தால், ஒவ்வொரு வீட்டுக்கும் இருந்த முகம் போய்விடுகிறது. அது எனக்கு மெய்யாகவே வலிக்கிறது.

தெருவாகச் சேர்ந்து செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வைசியாள் வீதியைப் போய்ப் பாருங்கள். அங்கே பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் முன்முயற்சியில் சீரமைத்த முகப்புகளுக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. கீழே திண்ணையும் மரத்தூணும், மாடியில் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னலும் ஒரே வீட்டில் நிற்பதை அங்கே பார்க்கலாம்.

மரத்தூண்களின் பழைய எனாமலைத் தீயால் பொசுக்கி எடுக்காதீர்கள். செதுக்கு வேலை கருகிவிடும். முகப்பில் எதை இடிக்கும் முன்பும் நகரமைப்புக் குழுமத்தில் கேட்டுவிடுங்கள்.

தீபாவளிக்குள் முடித்துத் தரச் சொல்லி அவசரப்படுத்தவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்பு இறுகாது. தை பிறந்து சுவர் காயட்டும். மாசியில் வேலையைத் தொடங்கி, அக்னி வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்.