ஜாதகக் கட்டத்துக்குள் இன்னொரு கட்டம்

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தங்கைக்கு வரன் பார்க்க, தாத்தா கைப்பட எழுதிவைத்த ஜாதகக் குறிப்பை வீட்டில் வேர்டில் தட்டச்சுச் செய்தாராம். மட்டக்களப்பு ரவுணில் ஒரு கடையில் அதைத் திறந்து பீடிஎஃப் ஆக்கி அச்செடுத்தால், ஆண்டைக் குறிக்கும் ௵ இருந்த இடத்தில் வெறும் சதுரம். "ஆண்டே விழேல்ல, இது சரிவராது" என்று மாமா முகம் சுளித்துவிட்டார்.

மாமாவுக்கு முதலில் பதில்: அது தோஷம் இல்லை. "இந்த எழுத்து என்னிடம் இல்லை" என்று சொல்ல ஒவ்வொரு எழுத்துருவும் ஓர் உருவம் வைத்திருக்கும். பெரும்பாலும் அது சதுரப்பெட்டி. கடைக் கணினியின் எழுத்துருக்களில் ௵ இல்லை, அவ்வளவுதான்.

எழுத்து என்பது கணினிக்கு ஓர் எண், அதற்கு உருவம் கொடுப்பது எழுத்துரு. இது பள்ளிக்கூட ஐசிடி பாடத்திலேயே வருவதால் நீட்டவில்லை. ருசியான இடம் அடுத்தது.

உங்கள் ஊர்ப்பெயரையே எடுங்கள். கொக்கட்டிச்சோலை: கண்ணுக்கு எட்டு எழுத்து, கணினிக்குள் 15 எண்கள். 'கொ' உள்ளே இரண்டு எண்: ககரம், அதன்பின் ஒகரக் குறி. வாய் சொல்லும் ஒழுங்கு அது. கையோ முதலில் கொம்பை (ெ) இழுத்து, ககரம் போட்டு, பிறகு அரவு (ா) வைக்கிறது. இந்தப் பிணக்கைத் தீர்ப்பது ஹார்ஃப்பஸ் போன்ற நிரல். ஒகரக் குறியைக் கொம்பு, அரவு என்று பிளக்கும். கொம்பைப் பிடித்து ககரத்துக்கு முன்னால் தள்ளும். அரவைப் பின்னால் விடும். 'டி' வருமிடத்தில் டகரமும் இகரக் குறியும் ஒட்டிய உருவம் எழுத்துருவுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு அதை வைக்கும். 'சோ'விலும் 'லை'யிலும் மறுபடி கொம்பு விளையாட்டு. விசையிலிருந்து விரலை எடுக்குமுன் எல்லாம் முடிந்துவிடும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

பீடிஎஃப் சேமிப்பது இந்த வேலை முடிந்தபின் கிடைக்கும் உருவங்களின் எண்களையும் அவை நிற்கும் இடங்களையும். அந்த எண்கள் அந்த எழுத்துருவுக்குள் மட்டுமே செல்லுபடி. ஆகவே எழுத்துருவும் கோப்போடு போகவேண்டும். விவரப் பகுதியில் எழுத்துருப் பெயருக்கு முன்னால் ஆறு ஆங்கிலப் பேரெழுத்தும் கூட்டல் குறியும் நின்றால், தேவையான உருவங்களை மட்டும் வெட்டி உள்ளே வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

உருவ வரிசையில் வைப்பதால் இன்னொரு கூத்து. நகலெடுத்து ஒட்டினால் 'ெகாக்கட்டிச்ேசாைல' என்று விழும், தேடினால் அகப்படாது. மூல எழுத்தைக் கூடவே பொதிந்துவைக்க பீடிஎஃப் தரத்தில் வழியுண்டு. எல்லா மென்பொருளும் அந்தச் சிரமத்தை எடுப்பதில்லை.

ஆங்கில எழுத்துகளின் எண்களுக்குத் தமிழ் உருவம் மாட்டிய பழைய எழுத்துரு பாமினி. இன்னும் அதில் சுற்றறிக்கை அடிப்பவர்களை நினைத்தால்தான் எரிச்சல். அதில் 'அம்மா' கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பார்வையற்றவருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருள் அதைத்தான் உளறும். பெயர்ப்பலகைகளுக்குக் கொட்டும் காசில் கொஞ்சத்தை நல்ல தமிழ் எழுத்துரு வரைபவருக்குக் கொடுத்தால் என்ன?

சரி, உங்கள் வேலைக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு போதும். இலவசம், நாள், மாதம், ஆண்டு என்பவற்றின் ௳, ௴, ௵ மூன்றும் உண்டு. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொதுப்பட்டியலான யூனிகோடில் இவை 2003இலேயே ஏறிவிட்டன. தாத்தா முந்திரி, காணி என்று பழைய பின்னங்களும் எழுதியிருந்தால் கவனம்: அவை 2019இல் தனித் தொகுதியாக வந்தவை, நோட்டோவிலும் அதற்குத் தமிழ் சப்ளிமென்ட் என்று வேறு எழுத்துரு. பீடிஎஃபை வீட்டிலேயே ஆக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மாமாவிடம் கட்டங்களை எண்ணக் கொடுங்கள். ராசிக்குப் பன்னிரண்டு, நவாம்சத்துக்குப் பன்னிரண்டு. 25ஆவது தென்பட்டால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.