கையுறைக்குள் ஊறும் ஈரம்: பனிச்சறுக்கப் போகிறவர்களுக்கு

மார்கழி விடுமுறைக்குச் சுவிஸ், நோர்வே, கனடா என்று உறவுகளிடம் போகிறவர்கள் ஜக்கெற் தேடி நாலு கடை ஏறி இறங்குவார்கள். கையுறை விடயத்தில் மட்டும் ‘ஏதோ ஒன்று கிடந்தால் போதும்’ என்று விட்டுவிடுவார்கள். நுவரெலியாவில் வாங்கிய கம்பளிக் குளவ்ஸ், அல்லது மோட்டார் சைக்கிளுக்கு வாங்கியது, பெட்டிக்குள் போய்விடும். பஸ் தரிப்பிடத்திலிருந்து வீட்டுக்கு நடக்க அது காணும். பனிச்சறுக்குக்கும், பிள்ளைகளோடு சறுக்குப் பலகையில் விளையாடவும் காணாது.

சொல்லிலேயே ஒரு வழுக்கல் இருக்கிறது. நமக்குப் பனி என்றால் தை மாத விடியலில் வாழையிலையில் நிற்கும் துளி. அதற்கு மவ்ளர் ஒன்றைத் தலையில் சுற்றினால் முடிந்தது. அங்கே பனி என்பது கையில் அள்ளுகிற பொருள். அள்ளியதும் கைச்சூட்டில் உருகித் தண்ணீராகும். விரல் விறைப்பதில் இந்தத் தண்ணீருக்குத்தான் பெரிய பங்கு. ஒரே குளிரில் தண்ணீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திக் கொண்டுபோகும். கம்பளி சூடு தருவது அதன் இழைகளுக்கிடையே அடங்கி நிற்கும் காற்றால். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் அதன் பாதுகாப்பில் பெரும்பகுதி போய்விடும்.

அதனால்தான் மறை 15 பாகையில் நன்றாக இருந்த கையுறை, பூச்சியத்தை ஒட்டிய நாளில் ஏமாற்றும். கடுங்குளிரில் பனி மாவாக இருக்கும், தட்டினால் உதிரும். பூச்சியத்துக்குக் கிட்ட அது ஈரமாகி அப்பிக்கொள்ளும். இன்னொன்று: நன்றாகச் சறுக்கத் தெரிந்தவரின் கை பனியில் படுவதே குறைவு. முதல்முறை போகிறவரோ விழுவார், கையூன்றி எழும்புவார், சப்பாத்துக் கொளுவியில் அடைந்த பனியைக் கையால் கிண்டுவார். நீர் புகாத கையுறை கூடுதலாகத் தேவைப்படுவது பழகுகிறவருக்குத்தான். ‘ஒருநாள் விளையாட்டுத்தானே’ என்று மலிவானதை அவருக்கே வாங்கிக் கொடுக்கிறோம்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். மறை 10 பாகையில் மணிக்கு 30 கி.மீ. காற்று வீசினால் திறந்த தோலுக்கு அது மறை 20 போல. மறை 20 பாகையில் அதே காற்று மறை 33 போல. கனடாவின் வானிலைத் துறை, காற்றோடு சேர்த்த கணக்கு மறை 28க்குக் கீழே போனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம் என்று எச்சரிக்கிறது. காற்றே வீசாத நாளிலும் சறுக்கிக்கொண்டு இறங்குகிறவர் தன் வேகத்தால் அந்தக் காற்றைத் தானே உண்டாக்குகிறார்.

அப்படியென்றால் றப்பர் கையுறை போடலாமே என்று கேட்பார்கள். ஐஸில் வைத்த மீனை றப்பர் கையுறையோடு அள்ளுகிறவர்களைக் கேளுங்கள். வெளித்தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே வராது. ஆனால் அரைமணியில் கழற்றிப் பார்த்தால் விரல் நுனி ஊறி வெளுத்திருக்கும். அது முழுக்கக் கையின் வியர்வை. மலையில் நடந்து வியர்த்த கை, பிறகு மலைமேலே ஏற்றிச்செல்லும் இழுவை நாற்காலியில் பத்து நிமிடம் அசையாமல் இருக்கும்போது அந்த வியர்வையே குளிர்ந்து விரலைப் பிடிக்கும். ஆகவே வெளித்தண்ணீரைத் தடுத்து உள்ளாவியை வெளியே விடும் மெல்லிய சவ்வு ஒன்று நடுவில் இருக்கவேண்டும். கோர்-ரெக்ஸ் என்பது இந்த வகையில் பலரும் அறிந்த பெயர். வேறு நிறுவனங்களும் தங்கள் பெயரில் செய்கின்றன.

சிட்டையில் ‘வோட்டர் றெசிஸ்ரன்ற்’ என்று இருந்தால் அது சிறு தூறலுக்கு மட்டும். ‘வோட்டர் புறூஃப்’ என்றிருப்பதைத் தேடி, கூடவே எண் இருக்கிறதா என்று பாருங்கள். 10,000 மி.மீ. என்றால் அந்தத் துணி 10 மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள். நம் வீட்டுக் கிணற்றின் அடியில் விரித்து வைத்தாலும் ஊறாது. ஆனால் அது துணிக்குக் கொடுத்த எண், தையலுக்கு அல்ல. ஒரு கையுறையில் விரலுக்கு விரல் தையல், ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு வழி. சவ்வு தனியே ஒரு பை போல உள்ளே முழுதாகச் செருகப்பட்டிருக்கிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. வெளித்துணியில் சேம்பிலை போல நீர் உருளச் செய்யும் பூச்சு வேறு விடயம். அது நாளடைவில் தேயும். தேய்ந்தால் வெளித்துணி ஊறிப் பாரமாகி, உள்ளாவி வெளியேறவும் வழியில்லாமல் போகும். அதற்கென்றே விற்கும் தெளிப்பானால் புதுப்பிக்கலாம்.

செருகிய பைக்கு ஒரு குறையும் உண்டு. கடையிலேயே கையுறையைப் போட்டு, கையைக் கொஞ்சம் ஈரமாக்கி, சட்டென்று உருவிப் பாருங்கள். உள்துணியின் விரல்கள் கையோடு சேர்ந்து வெளியே வந்தால் அந்தக் கையுறை வேண்டாம். மலையில் ஒருதரம் அப்படி உருவிக்கொண்டால் வியர்த்த விரலால் ஐந்து குழாயையும் திரும்ப உள்ளே தள்ள முடியாது. நல்லவற்றில் உள்துணியை விரல் நுனியில் ஒட்டியோ தைத்தோ இருப்பார்கள்.

சூட்டுக்கு உள்ளே வைக்கும் பஞ்சில் இறகு எடை குறைந்தது, நல்ல சூடு. நனைந்தால் கட்டிபட்டுப் பயனற்றதாகும். தின்சுலேற், பிறைமலொஃப்ற் போன்ற செயற்கைப் பஞ்சு ஈரத்திலும் ஓரளவு தாங்கும். முதல் கையுறைக்கு அதுவே புத்தி. பஞ்சு புறங்கையில் தடிப்பாகவும் உள்ளங்கையில் மெலிதாகவும் இருக்கும். சறுக்கும்போது ஊன்றும் கோலைப் பிடிக்க அப்படித்தான் வேண்டும். ஆனால் பிடிக்கும்போது அந்த மெலிய பஞ்சும் நசியும், அதனால் குளிர் முதலில் உள்ளங்கை வழியாக ஏறும். வீட்டிலேயே சோதிக்கலாம். பிறிஜ்ஜின் உறைபெட்டி ஏறத்தாழ மறை 18 பாகை. அதில் கட்டியாக உறைந்த மீன் பொதி ஒன்றைக் கையுறையோடு இறுக்கிப் பிடித்துப் பத்து நிமிடம் இருங்கள். உள்ளங்கை குத்தத் தொடங்கினால் விட்டுவிடலாம், அந்தக் கையுறையையும் சேர்த்து.

தண்ணீர்ச் சோதனை இன்னும் எளிது. கையுறைக்குள் உலர்ந்த ரிசுத் தாளை விரலோடு சேர்த்து விட்டு, மணிக்கட்டு விளிம்புக்குக் கீழே வரை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, இருபது தரம் பொத்தி விரியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ரிசு நனைந்திருந்தால் எந்த விரல் என்று பாருங்கள். பெரும்பாலும் பெருவிரல் அடித்தையல்தான். பொத்தி விரிக்காமல் சும்மா அமிழ்த்திப் பார்ப்பதில் பயனில்லை. ஓட்டை வாய் திறப்பது மடங்கும்போதுதான்.

விரல் தனித்தனியானதா, நான்கு விரலும் ஒன்றாய் இருக்கும் பை போன்றதா? சூட்டுக்குப் பைதான். விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும், குளிருக்குத் திறந்த பரப்பும் குறைவு. சின்னப் பிள்ளைகளுக்கு வேறு யோசனையே வேண்டாம். வளர்ந்தோரில் கை எப்போதும் சில்லிட்டிருப்பவர்கள் பை வகையை எடுத்து, உள்ளே மெல்லிய மெரினோக் கம்பளி அல்லது செயற்கைத் துணியாலான உறை ஒன்றைப் போடலாம். பருத்தி உறை கூடாது. அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். படமெடுக்கவும் வட்ஸ்அப் பார்க்கவும் கையுறையைக் கழற்றுவதுதான் பெரும்பாலான விறைப்புக்குத் தொடக்கம் என்பதால் உள்ளுறை இரட்டிப்புப் பயன். கழற்றிய கையுறையைப் பனிமேல் வாய் திறந்தபடி வைக்காமல் ஜக்கெற்றுக்குள் செருகுங்கள்.

அளவை உறவினரின் கண்மதிப்புக்கு விடாதீர்கள். தையல் நாடாவால், பெருவிரலை விட்டு, முட்டிகளைச் சுற்றி உள்ளங்கைச் சுற்றளவை அளந்து சொல்லி அனுப்புங்கள். அந்தச் சென்ரிமீற்றரை 2.54 ஆல் வகுத்தால் வருவதே பெரும்பாலான கையுறைகளின் இலக்கம்: 20.3 செ.மீ. என்றால் 8. உள்ளுறை போடுவதானால் அதைப் போட்டுக்கொண்டு அளக்கவேண்டும். விரலை நேரே நீட்டினால் நடுவிரல் நுனியில் அரைச் சென்ரிமீற்றர் மிச்சம் இருக்கட்டும். இறுக்கமானால் பஞ்சு நசியும், இரத்த ஓட்டமும் குறையும். ‘வளர்கிற பிள்ளைதானே’ என்று இரண்டு இலக்கம் பெரிதாக வாங்கினால் அந்த வெற்றிடத்தையும் பிள்ளையின் கையே சூடாக்கவேண்டும்.

கைமுடிவு ஜக்கெற்றுக்கு மேலே வருவதா, உள்ளே போவதா என்பது அவரவர் வசதி. மணிக்கட்டில் இடைவெளி இருக்கக்கூடாது, அவ்வளவே. இங்கே நமக்கேயுரிய ஒன்றைச் சொல்லவேண்டும். ஐப்பசியில் கட்டிய கௌரிக் காப்பு மார்கழியிலும் கையில் இருக்கும். அதன் நூல் நுனி கைமுடிவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல ஈரத்தை உள்ளே இழுக்கும். நுனியை உட்சட்டைக் கைக்குள் மடக்கிவிடுங்கள். மோதிரத்தைக் கட்டாயம் கழற்றுங்கள். விரல் உறைந்து திரும்பச் சூடாகும்போது வீங்கும். அப்போது மோதிரத்தை வெட்டித்தான் எடுக்கவேண்டி வரும்.

தைலம் பூசினால் கை சூடாகும் என்று பலர் நம்புகிறார்கள். எரிவு வருவது உண்மை, சூடு வருவதில்லை. விறைப்பதை உணர்த்தும் நரம்பை அது ஏமாற்றுகிறது. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் உறைவைத் தடுக்கா. தேங்காயெண்ணெய் 24 பாகையிலேயே கட்டியாகிவிடும்.

கிழித்ததும் சூடாகும் சிறு பொதிகளில் இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரி. காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும். சறுக்கத் தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே திறந்து, உள்ளுறைக்கு வெளியே புறங்கைப் பக்கம் வையுங்கள். சர்க்கரை நோயால் விரலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்தப் பொதியும் பற்றரிக் கையுறையும் பாவிக்கவேண்டாம். சுடுவது தெரியாமலே வெந்துவிடும். அற்றினோலோல், புறொப்பிரனோலோல் போன்ற இரத்த அழுத்த, இதய மருந்து எடுப்பவர்களுக்குக் கைகால் சில்லிடுவது கூடலாம். மருந்தைத் தாமாக நிறுத்தாமல் பயணத்துக்கு முன் வைத்தியரிடம் கேட்கவேண்டும். குளிரில் விரல் வெளுத்து, நீலித்து, பிறகு சிவக்கும் வழக்கம் உள்ளவர்களும் அப்படியே. புகைத்தல் இரத்தக் குழாயைச் சுருக்கும், அங்கே அது இரட்டிப்புக் கேடு.

கை விறைக்கும்போது கையுறைக்குள் வாயால் ஊதாதீர்கள். ஊதுவது ஆவி, அது ஈரமாகப் படியும். தோளிலிருந்து கையை ராட்டினம் போல முப்பது தரம் சுழற்றினால் இரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். இரவில் கையுறையைச் சூடேற்றியின்மேல் வைத்துக் காயவைக்கக் கூடாது. தோல் வெடிக்கும், சவ்வை ஒட்டிய பசை விடும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளை அடைத்து, அறைச்சூட்டில் வாயை மேலே திருப்பி வையுங்கள்; தாளை ஒருதரம் மாற்றினால் காலையில் காய்ந்திருக்கும். மாற்றுக் கையுறை ஒரு சோடி பையில் இருப்பது நல்லது.

உறைந்த தோல் வெளுக்கும் என்று எழுதியிருப்பதை நம்பி நம் நிறத்தவர்கள் காத்திருக்கக் கூடாது. கருந்தோலில் அது சாம்பல் பூத்தது போல, மெழுகு தடவியது போலத்தான் தெரியும். நகத்தடியையும் உள்ளங்கையையும் பாருங்கள். வலி திடீரென்று நின்றுபோவதே பெரிய அறிகுறி. ‘இப்ப நோகேல்ல’ என்று பிள்ளை சொன்னால் உடனே உள்ளே கூட்டிப்போங்கள். பனியால் தேய்க்கவேண்டாம், அடுப்பில் காட்டவேண்டாம். திரும்ப உறையும் இடத்தில் நின்றுகொண்டு சூடேற்றவும் வேண்டாம். அது முதல் உறைவைவிடக் கேடு. கட்டடத்துக்குள் வந்தபின் 37 முதல் 39 பாகைத் தண்ணீரில் கையை அரைமணி வரை வைத்திருக்கவேண்டும். சூட்டைப் பார்க்கவேண்டியது விறைத்த கை அல்ல. வெப்பமானி இல்லாவிட்டால், குழந்தைக்கு வார்க்கும் தண்ணீரைப் பார்ப்பது போல வேறொருவர் தன் முழங்கையால் பார்க்கட்டும். தண்ணீர் ஆறினால் கையை எடுத்துவிட்டுச் சுடுதண்ணீர் கலந்து, பார்த்தபின் திரும்ப விடுங்கள்.

நிறமும் உணர்ச்சியும் சில நிமிடத்தில் திரும்பினால் அன்றைக்குச் சறுக்கை நிறுத்தினால் போதும். திரும்பாவிட்டால், கொப்புளம் போட்டால், அதிலும் இரத்தம் கோத்திருந்தால், வைத்தியசாலைக்குப் போகவேண்டும். குழாயில் உறைந்த இரத்தக் கட்டியைக் கரைத்து விரலைக் காப்பாற்றும் மருந்துக்கு, கை உருகியதிலிருந்து 24 மணி நேரம்தான் கணக்கு. எத்தனை மணிக்குத் தண்ணீரில் வைத்தீர்கள், என்னென்ன மருந்து எடுக்கிறவர் என்று ஒரு துண்டில் எழுதி, போகும்போதே சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.