இலங்கை மிளகும் இந்திய வெங்காயமும்: ஒப்பந்தம் உண்மையில் என்ன சொல்கிறது?

மிளகு விலை இறங்கினால் கேரளத்திலும் குடகிலும் கொல்லிமலையிலும் ஒரே பேச்சுத்தான்: "இலங்கை மிளகு வரியில்லாமல் வந்து குவிகிறது." அக்கரையில் தம்புள்ளைப் பக்கம் பெரிய வெங்காயம் அறுவடைக்கு வரும்போது அதே புகார் திசை மாறி ஒலிக்கும்: "இந்திய வெங்காயம் எங்களை அழிக்கிறது." இரண்டு தரப்பும் கை காட்டுவது இந்திய–இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தை. எடுத்துப் பார்த்தால், மிளகு விஷயத்தில் அந்தப் புகார் பாதி சரி. வெங்காயத்தின் கதையை எழுதுவது இந்த ஒப்பந்தமே அல்ல.

ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று கையெழுத்தானது. வாஜ்பாயும் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்டார்கள். நடைமுறைக்கு வந்தது 2000 மார்ச் 1 அன்று. பெயரில் 'தடையற்ற' என்று இருந்தாலும் எல்லாப் பொருளுக்கும் கதவு திறக்கவில்லை. இரண்டு நாடுகளும் ஆளுக்கொரு விலக்குப் பட்டியல் வைத்துக்கொண்டன. அந்தப் பட்டியலில் உள்ள பொருளுக்குச் சலுகை கிடையாது, வழக்கமான சுங்க வரிதான். இந்தியாவின் பட்டியலில் தொடக்கத்தில் நானூற்றுச் சொச்சம் பொருள்கள் இருந்தன. இலங்கையின் பட்டியலில் 1,180. சிறிய நாடு என்பதால் இலங்கைக்கு இந்த விட்டுக்கொடுப்பு. அதில் கணிசமான இடத்தைப் பிடித்திருப்பவை வேளாண்மை, கால்நடைப் பொருள்கள். உழவர்கள் எழுப்பும் எதிர்ப்பு அரசியலில் எப்படி எதிரொலிக்கும் என்று கையெழுத்திட்டவர்களுக்குத் தெரியாதா என்ன?

விலக்குப் பட்டியலுக்கும் முழுச் சலுகைக்கும் நடுவில் இன்னொரு வகை இருக்கிறது: அளவுக் கட்டுப்பாடு, அதாவது கோட்டா. இத்தனை டன் வரை சலுகை, அதற்கு மேல் இல்லை. தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ. அந்த அளவுக்குள் வந்தால் 7.5 சதவீத வரி கட்டினால் போதும். சாதாரண வழியில் வந்தால் இந்தியாவில் தேயிலைக்கு 100 சதவீத வரி. இவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்தும் இந்தக் கோட்டா நிரம்புவதே இல்லை. அசாமும் நீலகிரியும் வீட்டு வாசலில் இருக்கும்போது, விலை கூடுதலான இலங்கைத் தேயிலையை இங்கே அதிகம் பேர் தேடுவதில்லை. வரி குறைந்தாலும் வாங்க ஆள் வேண்டுமே.

மிளகின் கதை வேறு. வழக்கமான வழியில் இந்தியாவுக்குள் வரும் மிளகுக்கு 70 சதவீத வரி. இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியே இல்லை. கோட்டா தீர்ந்துவிட்டால் பக்கத்திலேயே இன்னொரு வாசல்: சார்க் நாடுகளுக்கிடையேயான தெற்காசியத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். 2006 முதல் நடைமுறையில் இருக்கும் இதன் வழியாக வந்தால் 8 சதவீதம். ஆகவே "2,500 டன்தானே, போனால் போகிறது" என்று நினைத்தால் தப்பு. முதல் வாசல் மூடியதும் சரக்கு இரண்டாவது வாசலுக்கு நகர்ந்துவிடும். ஒரு பொருளுக்கு எந்த ஒப்பந்தத்தில் எவ்வளவு வரி என்று பார்க்கும்போது, அந்த நாட்டோடு நமக்கு இருக்கும் எல்லா ஒப்பந்தங்களையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

சரி, வியட்நாம் மிளகை இலங்கையில் இறக்கி, மூட்டையை மாற்றி, 'இலங்கை மிளகு' என்று அனுப்பினால்? இதைத் தடுக்கத்தான் மூல விதி இருக்கிறது. ஒரு பொருள் எந்த நாட்டில் உண்மையாக விளைந்தது அல்லது உருவானது என்று நிர்ணயிக்கும் விதி அது. விளைபொருள் என்றால் அந்த நாட்டு மண்ணிலேயே விளைந்து அறுவடையாகியிருக்க வேண்டும். வெளிநாட்டு மூலப்பொருளை வாங்கிச் செய்த பொருளாக இருந்தால் இரண்டு சோதனைகளைத் தாண்ட வேண்டும். உள்நாட்டில் சேர்ந்த மதிப்பு ஏற்றுமதி விலையில் 35 சதவீதமாவது இருக்க வேண்டும். இந்திய மூலப்பொருளைப் பயன்படுத்தினால், இரண்டு நாட்டுப் பங்கும் சேர்ந்து 35 வந்தாலே போதும், அதில் இலங்கையின் பங்கு 25 இருக்கட்டும் என்று ஒரு தளர்வும் உண்டு. அடுத்த சோதனை: பொருள்களை வகைப்படுத்தச் சுங்கத் துறை பயன்படுத்தும் எண்ணான எச்.எஸ். குறியீட்டின் முதல் நான்கு இலக்கங்கள் மூலப்பொருளுடையதிலிருந்து மாறியிருக்க வேண்டும்.

அந்த நான்கு இலக்கச் சோதனை பார்ப்பதற்கு எழுத்தர் வேலை போலத் தெரியும். விஷயம் அதில்தான் இருக்கிறது. முழு மிளகுக்கும் மிளகுத்தூளுக்கும் முதல் நான்கு இலக்கம் ஒன்றுதான், 0904. எனவே வியட்நாம் மிளகைக் கொழும்பில் அரைத்துத் தூளாக்கினாலும் அது இலங்கைப் பொருள் ஆகாது. வனஸ்பதி அப்படியில்லை. பாமாயிலின் குறியீடு 1511. அதை ஹைட்ரஜன் ஏற்றி வனஸ்பதியாக்கினால் 1516 ஆகிவிடும். குறியீடு மாறிவிட்டது, சோதனையில் தேறிவிட்டது.

ஒப்பந்தம் வந்த சில ஆண்டுகளில் நடந்தது இதுதான். இந்தியாவில் பாமாயில் இறக்குமதிக்கு வரி அதிகம், இலங்கையில் குறைவு. இந்திய முதலீட்டாளர்கள் உட்படப் பலர் இலங்கையில் வனஸ்பதி ஆலைகளைத் திறந்தார்கள். பாமாயிலை அங்கே குறைந்த வரியில் இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இலங்கையின் ஏற்றுமதிக் கணக்கு கண்ணைப் பறித்தது. ஆனால் பாமாயில் தென்கிழக்கு ஆசியாவில் விளைந்தது. இலங்கை உழவர் யாரும் அதில் ஒரு ரூபாய் கூடுதலாகப் பார்க்கவில்லை. இந்திய ஆலைகள் கூச்சலிட, வனஸ்பதிக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் என்று கோட்டா வந்தது. மிளகுக்கு 2,500 டன் உச்சவரம்பும் அந்தத் தொடரில் வந்ததுதான்.

காகிதத்தில் மூல விதி பலமானது. நடைமுறையில் அது ஒரு சான்றிதழை நம்பி நிற்கிறது. இலங்கையிலிருந்து வரும் சரக்குக்கு அந்நாட்டு வணிகத் திணைக்களம் மூலச் சான்றிதழ் கொடுக்கும். முன்பெல்லாம் அந்தச் சான்றிதழைக் காட்டினால் இறக்குமதியாளரின் பொறுப்பு முடிந்தது. 2020 செப்டம்பர் 21 முதல் இந்தியாவில் அப்படியில்லை. சரக்கு எப்படி அந்த நாட்டுப் பொருளாகிறது என்ற விவரத்தை இறக்குமதியாளரே கையில் வைத்திருக்க வேண்டும், அந்த ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். சுங்க அதிகாரி கேட்டால் பத்து வேலை நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தர முடியவில்லை என்றால் சலுகை நிறுத்தப்படலாம். "ஏஜென்ட் சான்றிதழ் கொடுத்தார், எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற பேச்சுக்கு இப்போது இடமில்லை.

இதற்கும் மேலே 2017 டிசம்பரில் இந்தியா ஒரு வேலி போட்டது. கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதி கூடாது என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலை. இது ஒப்பந்தத்தின் பகுதி அல்ல, வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அறிவிக்கை. ஆனால் சலுகை வரியில் வரும் இலங்கை மிளகுக்கும் பொருந்தும். இந்தியாதான் இலங்கை மிளகின் மிகப் பெரிய வாடிக்கையாளர் என்பதால், மாத்தளையிலும் கண்டியிலும் வீட்டுத் தோட்டத்தில் நாலு கொடி வைத்திருப்பவர்களின் கொள்முதல் விலைவரை அந்த அறிவிக்கை எட்டியது. ஏற்றுமதிக்காகவே சரக்கு இறக்கும் ஆலைகளுக்குப் பிறகு விலக்கு கொடுக்கப்பட்டது. மிளகிலிருந்து சாறு எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் கொச்சியைச் சுற்றி இருக்கிறது. அவர்களுக்குக் காரச்சத்து மிகுந்த இலங்கை மிளகு தேவை. இங்கே கொடி வளர்ப்பவரின் நலனும் ஆலைக்காரரின் நலனும் ஒன்றல்ல என்பதை அந்த விலக்கே காட்டிவிடுகிறது.

இந்த வேலி எவ்வளவு காக்கிறது? உள்ளே 400 ரூபாய்க்கு விற்கும் சரக்கைப் பில்லில் 500க்கு மேல் காட்டி இறக்குகிறார்கள் என்று விவசாயிகள் சங்கங்கள் தொடர்ந்து புகார் சொல்லிவந்தன. மாறாக, 2024இல் நடந்ததுபோல உள்ளூர் விலை 600ஐத் தாண்டி ஏறினால், 500 ரூபாய் வேலிக்கு வேலையே இருப்பதில்லை. விலை படுக்கும் காலத்துக்கான ஏற்பாடு அது, அந்தக் காலத்திலும் ஓட்டை உள்ளது.

வெங்காயத்துக்கு வருவோம். இந்திய வெங்காயமும் உருளைக்கிழங்கும் இலங்கைக்குள் நுழையும்போது வரியைத் தீர்மானிப்பது 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு. பல வரிகளுக்குப் பதிலாகக் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே தொகை. வர்த்தமானி (அரசிதழ்) அறிவித்தலால் கூட்டலாம், குறைக்கலாம். அறுவடைக் காலத்தில் கூட்டுவார்கள், பண்டிகைக்கு முன் விலை ஏறினால் குறைப்பார்கள். வலிகாமத்திலோ வெலிமடையிலோ உருளைக்கிழங்கு போட்டவர் பார்க்க வேண்டியது அந்த வர்த்தமானியை. ஒப்பந்த அட்டவணையைத் தேடிப் பயனில்லை. அறிவித்தல் தாமதமானால், இறக்குமதிச் சரக்கு குறைந்த அறவீட்டில் வந்து கிடங்கை நிரப்பிவிடும். அதற்குப் பிறகு கூட்டினால் லாபம் ஏற்கெனவே இறக்கி வைத்தவருக்குத்தான்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். 2023 டிசம்பர் 8 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. ஒப்பந்தம் அதைத் தடுக்கவில்லை. இலங்கையில் பெரிய வெங்காயத்தின் விலை எகிறியது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கு 10,000 டன் அனுப்ப அனுமதி கிடைத்தது. மே மாதத் தொடக்கத்தில் தடை விலக்கப்பட்டபோதும், குறைந்தபட்ச ஏற்றுமதி விலையும் 40 சதவீத ஏற்றுமதி வரியும் ஒட்டிக்கொண்டு வந்தன. இறக்குமதி வரியைக் குறைக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவசரத்துக்கு ஏற்றுமதியை நிறுத்தாமலிருப்பது பற்றி அவ்வளவு கறாராக எழுதுவதில்லை. என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய குறை இதுதான், வாங்கும் நாட்டுக்கும் விளைவிக்கும் உழவருக்கும் சேர்த்தே.

அப்புறம் தாவர நோய்த்தடுப்பு. வரி சைபராக இருந்தாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விளைபொருள் எல்லை தாண்டாது. இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையும், இலங்கையில் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் இதைக் கட்டாயமாக்குகின்றன.

2016இல் இந்த ஒப்பந்தத்தை விரிவாக்கப் பேச்சு தொடங்கியது. பத்துச் சுற்றுகளுக்கு மேல் முடிந்த பிறகும், 2024 டிசம்பரில் இரு நாட்டுத் தலைவர்களும் தில்லியில் சந்தித்தபோது சொன்னது பேச்சைத் தொடர்வோம் என்பதுதான். புதிய வடிவம் வெளிவந்தால் பொருள் பெயரைக்கொண்டு தேட வேண்டாம், எச்.எஸ். குறியீட்டைக்கொண்டு தேடுங்கள். முதலில் விலக்குப் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கோட்டா உண்டா, மூல விதி என்ன என்று பாருங்கள். அதோடு நிறுத்தாமல், அதே எண்ணுக்கு இந்திய வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அறிவிக்கையோ இலங்கை வர்த்தமானியோ கடைசியாக எப்போது வந்தது என்பதையும் பார்த்துவிடுங்கள்.